குகைக் கல்லை வைத்துப் பழைய மழையைப் படிப்பது எப்படி

சுண்ணாம்புக் குகைக்குள் முதன்முதலாகப் போய் டார்ச் அடிக்கும்போது, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மெழுகுவர்த்தி மாதிரி நிற்கிற ஒரு கல்முளையைப் பார்த்துவிட்டால் யாருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான்: இதை வெட்டிக் கொண்டுபோய் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அந்த ஆசையை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். ஒரு வருஷம் என்று சும்மா சொல்லவில்லை, காரணம் கீழே வருகிறது.

ஜியாலஜி முதுகலை படித்துக்கொண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். குகை, லேப் எதுவும் எட்டாதவர்கள், லேப்டாப் மட்டும் இருக்கிறவர்கள், கடைசிப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். மேலிருந்து தொங்குவது கல்விழுது, கீழிருந்து வளர்வது கல்முளை. பள்ளிப் பாடப்புத்தகத்துச் சொற்கள்தான், ஆனால் நல்ல சொற்கள், நான் அதையே வைத்துக்கொள்கிறேன். இந்த வேலைக்குக் கல்முளைதான் வேண்டும். விழுதுக்கு நடுவில் குழாய் ஓடும், அடுக்குகள் அதைச் சுற்றிச் சுற்றி ஒழுங்கில்லாமல் படியும். முளையில் அடுக்கின்மேல் அடுக்காக, கவிழ்த்த தொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்று போட்ட மாதிரி இருக்கும், அதனால் படிக்க எளிது.

அது எப்படி வளர்கிறது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டே கீழே வருகிறது. குகைக்குள் இருக்கிற காற்றில் கார்பன் டை ஆக்சைடு மண்ணில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் துளி விழுந்த இடத்தில் வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சைட்டாகப் படிகிறது. கடினத் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதே சரக்குதான். வேகம் மட்டும் வேறு: வருஷத்துக்கு 0.01 மில்லிமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டர் வரை என்பது சாதாரணம், வெப்ப நாடுகளில் சில கற்கள் அதைவிட வேகமாகவும் வளரும்.

சரி, எந்தக் குகை? நான் எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டுவது மேகாலயாவில் சோரா என்கிற சிரபுஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற மாவ்ம்லு குகையை. காசி மொழியில் குகைக்கு 'கிரெம்' என்று பெயர், அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் கிரெம் மாவ்ம்லு என்றும் பார்ப்பீர்கள். இந்தக் குகையிலிருந்து எடுத்த ஒரு கல்முளையை வைத்துத்தான் 2018-இல் சர்வதேச நிலவியல் அமைப்பு, நாம் வாழ்கிற காலத்துக்கே 'மேகாலயன்' என்று பெயர் வைத்தது. கி.பி. 2000-க்கு 4,250 வருஷம் முன்னால் தொடங்கிய காலம் அது. உலக நிலவியல் அட்டவணையில் ஒரு இந்திய மாநிலத்தின் பெயர் ஏறியது ஒரு முழங்கை அளவுகூட இல்லாத கல்லால் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குகையை உதாரணமாக எடுப்பதற்கு அந்தப் பெருமை காரணம் இல்லை. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர் விழக்கூடிய எல்லாப் பள்ளங்களும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன.

முதலில் துளி, அப்புறம்தான் கல்

இப்போது அந்த ஒரு வருஷக் கதைக்கு வருகிறேன். கல்முளை மழைமானி இல்லை. வானத்தில் பெய்த மழை, மண்ணில் தேங்கி, பாறை விரிசல்களில் பழைய தண்ணீரோடு கலந்து, சில இடங்களில் ஒரே நாளிலும் சில இடங்களில் பல மாதங்கள், ஏன், வருஷங்கள் கழித்தும்தான் சொட்டாக விழும். உங்கள் கல்லின் மேல் விழுகிற சொட்டு இதில் எந்த ரகம் என்று தெரியாமல் கல்லை வெட்டினால், கடைசியில் கையில் இருப்பது ஒரு அழகான வளைகோடு, அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது.

ஒரு முழு வருஷம், அதாவது ஒரு மழைக்காலமும் ஒரு வறட்சிக்காலமும், இதைச் செய்யுங்கள். குகைக்கு மேலே தரையில் மழைநீர் சேகரிக்க ஒரு பாத்திரம், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மேலே மெல்லிய பாரஃபின் எண்ணெய்ப் படலம். குகைக்குள்ளே நீங்கள் குறிவைத்திருக்கிற சொட்டுக்கு அடியில் அளவுக்குவளை, கையில் ஸ்டாப்வாட்ச், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று ஒவ்வொரு முறை போகும்போதும் எழுதுங்கள். பணம் இருந்தால் சொட்டு விழுகிற அதிர்வைத் தானே எண்ணிப் பதிவு செய்கிற கருவி வாங்கி வைத்துவிடலாம். மாதிரி நீரைச் சின்னக் குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும், குமிழி இருந்தால் ஐசோடோப் விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் லேசான அணுவுக்கும் கனமான அணுவுக்கும் உள்ள விகிதம், மாறிவிடும். அப்புறம் ஒரு கண்ணாடித் தட்டைச் சொட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வாருங்கள். சில மாதம் கழித்து அதில் படிந்திருக்கிற புதுக் கால்சைட்டைச் சுரண்டி அளந்தால், இன்றைய மழைக்கு இன்றைய கல் என்ன எழுதுகிறது என்பது நேரடியாகத் தெரியும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள கருவி கிடையாது.

மழைக்காலத்தில் குகைக்குள் போகிற விஷயத்தில் வீரம் காட்டாதீர்கள். மேகாலயக் குகைகளில் வெள்ளம் ஏறுகிற வேகம் பயங்கரம், உள்ளே நடக்கிற வேலைக்குக் குளிர்கால வறட்சி மாதங்கள்தான் சரி. மழைக்கால அளவுகளுக்குத் தானியங்கிக் கருவியை நம்புங்கள், அல்லது வாசலுக்குப் பக்கத்துச் சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தனியாகப் போகவே கூடாது, ஆளுக்கு மூன்று விளக்கு.

அனுமதி, தேர்வு

மேகாலயாவில் நிலம் பெரும்பாலும் சமூகத்துக்கோ குடும்பங்களுக்கோ சொந்தம், காட்டிலாகாக் கடிதம் மட்டும் போதாது. ஊர் மன்றத்தை, தொர்பார் என்பார்கள், நேரில் போய்ப் பார்த்து, என்ன எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். சத்தீஸ்கரில் தண்டக் குகை மாதிரி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதென்றால் வனத்துறை.

எந்தக் கல்? அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனில், நேராக, மெழுகுவர்த்தி மாதிரி இருப்பது. வாசலிலிருந்து தள்ளி, காற்றோட்டம் இல்லாத, ஈரப்பதம் ஏறக்குறைய முழுசாக இருக்கிற அறையில் இருப்பது. காற்றடிக்கிற இடத்தில் தண்ணீர் ஆவியாகும், ஆவியானால் கனமான ஆக்சிஜன் பின்தங்கி, கல்லில் பொய்யான வறட்சி பதிவாகும். ஏற்கனவே உடைந்து விழுந்து கிடப்பது கிடைத்தால் நிற்பதைத் தொடாதீர்கள். நிற்பதைத்தான் எடுக்க வேண்டும் என்றால் முதலில் அடியில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை போட்டு, அந்தத் துணுக்கின் வயதை மட்டும் பாருங்கள். நீங்கள் தேடுவது 4,000 வருஷக் கதை, கல் தொடங்கியதே 800 வருஷம் முன்னால் என்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். ஆயிரக்கணக்கான வருஷம் வளர்ந்ததை வெட்டிவிட்டுப் பிறகு 'பயன்படவில்லை' என்று அலமாரியில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

எடுத்த கல்லின்மேல் அங்கேயே, குகைக்குள்ளேயே, மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போடுங்கள்.

வெட்டுவதும் தூளெடுப்பதும்

வைர ரம்பத்தில், தண்ணீர் ஓடவிட்டு, வளர்ச்சி அச்சு வழியாக நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். அச்சு கோணலாக இருந்தால் அதோடு கோணலாகப் போக வேண்டும், கல்லின் நடு அல்ல, தொப்பிகளின் உச்சிதான் கணக்கு. மெருகேற்றி, சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரில் நல்ல ரெசல்யூஷனில் படம் எடுத்து, அதன்மேல் மில்லிமீட்டர் அளவுகோல் போட்டுவிடுங்கள். இனி எல்லா வேலைக்கும் அந்தப் படம்தான் வரைபடம். பழுப்பாக, அழுக்குக் கோடாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது கல் வளராமல் நின்றுபோன காலம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

தூளெடுக்கப் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி அரை மில்லிமீட்டர் முனை, வேகத்தைக் குறைத்து. ஒவ்வொரு துளைக்கும் நடுவே முனையையும் கல்லையும் துடைத்துக் காற்றடிக்க வேண்டும். ஒரு அளவுக்குச் சில பத்து மைக்ரோகிராம் தூள் போதும், சமையல் உப்பு ஒரு கல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலாகச் செய்தபோது முதல் நாள் நுனியிலிருந்து கீழ்நோக்கி 60 குப்பி எடுத்தேன், மறுநாள் காலை தூக்கக் கலக்கத்தில் கல்லைத் திருப்பி வைத்து அடியிலிருந்து மேல்நோக்கி எடுத்திருக்கிறேன், எண் மட்டும் 61, 62 என்று தொடர்ந்திருக்கிறது. வரைபடம் வந்தபோது சரியாக 61-ஆவது புள்ளியில் ஒரு பெரிய தாவல். இரண்டு நாள் நான் அதைப் 'பருவமழையின் திடீர் சரிவு' என்று நம்பிக்கொண்டிருந்தேன். தலைப்பெல்லாம் யோசித்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். 30 செண்டிமீட்டர் கல், வருஷத்துக்கு 0.05 மில்லிமீட்டர் வளர்ச்சி என்றால் மொத்தம் 6,000 வருஷம். அரை மில்லிமீட்டர் முனையால் எடுக்கிற ஒவ்வொரு தூளிலும் பத்து வருஷ மழை கலந்திருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் மாதிரி இரண்டு மூன்று வருஷ வறட்சி, எவ்வளவு கொடூரமானதாக இருந்தாலும், அந்தத் தூளில் மற்ற ஏழு எட்டு வருஷத்து மழையோடு கரைந்துபோகும். பஞ்சத்தைத் தேடுகிறீர்கள் என்றால் வேகமாக வளர்ந்த கல்லைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இன்னும் நுண்ணிய முனைக்குப் போங்கள்.

வயது

இந்தத் துறையின் பெரிய பலம் இதுதான். யுரேனியம் தண்ணீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. அதனால் புதிதாகப் படிகிற அடுக்கில் கொஞ்சம் யுரேனியம் இருக்கும், தோரியம் இருக்காது. யுரேனியம்-234 சிதைந்து தோரியம்-230 சேரச் சேர, அந்த விகிதமே கடிகாரம். தோரியம்-230-இன் அரை ஆயுள் சுமார் 75,600 வருஷம், அதனால் ஏறக்குறைய 6 லட்சம் வருஷம் வரை இந்தக் கடிகாரம் ஓடும். சீனக் குகைகளின் கற்களை அடுத்தடுத்து ஒட்டிக் கடந்த 6,40,000 வருஷத்து ஆசியப் பருவமழையை 2016-இல் வெளியிட்டார்கள் என்றால் இதை வைத்துத்தான்.

ஒரு வயதுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வேண்டும், அடுக்கோடு அடுக்காக, மெல்லிய கீற்றாக எடுக்க வேண்டும். எதிரி களிமண். அது தன்னோடு வெளித் தோரியத்தைக் கொண்டுவந்து, கல்லை உள்ளதைவிடக் கிழடாகக் காட்டும். தோரியம்-232 எவ்வளவு என்று பார்த்தால் கலப்படம் தெரிந்துவிடும். வழக்கமான திருத்தத்தில் தோரியம்-232-க்கு எதிரே தோரியம்-230-இன் ஆரம்ப விகிதத்தை பத்து லட்சத்துக்கு 4.4 என்று வைத்து, அதிலேயே பாதி அளவுக்குப் பிழை வைப்பார்கள். அழுக்குக் கல்லில் இந்த ஒரு அனுமானமே உங்கள் வயதை நூற்றுக்கணக்கான வருஷம் அசைக்கும். அதனால் வெள்ளையான, இறுக்கமான, கண்ணாடி மாதிரி இருக்கிற பகுதியாகப் பார்த்து எடுங்கள். லேப் முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கீழே போகப்போக வயது கூடுகிறதா? கூடவில்லை என்றால் அந்தப் புள்ளியைக் கமுக்கமாக நீக்காதீர்கள், ஏன் என்று தேடுங்கள்.

வயதுப் புள்ளிகளுக்கு இடைப்பட்டதை நிரப்ப ஸ்டால்ஏஜ், கோப்ரா, பேக்கன் என்று இலவச நிரல்கள் இருக்கின்றன. மூன்றில் எதைப் போட்டாலும், முன்பு குறித்துவைத்த அந்தப் பழுப்புக் கோட்டில் வயதுக் கணக்கைத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நிரல் அந்த இடைவெளியையும் மெதுவான வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, இல்லாத காலத்துக்கு மழை சொல்லும். இதில் வருத்தமான விஷயம், வறட்சி மிக மோசமாக இருந்த காலத்தில்தான் கல் பெரும்பாலும் எழுதாமல் விட்டிருக்கும்.

'இன்றிலிருந்து இத்தனை வருஷம் முன்னால்' என்று எழுதும்போது எந்த இன்று என்று கட்டாயம் எழுதுங்கள். கார்பன்-14 வைத்து வயது பார்க்கிற ஆட்களுக்கு இன்று என்றால் 1950. மேகாலயன் வரையறையில் 2000. சில லேப்கள் அளந்த வருஷத்தையே வைக்கும். இரண்டு குகைகளை ஒப்பிடுகிறவர் இதைக் கவனிக்காமல் 50 வருஷம் வழுக்கி, 'முதலில் வடக்கே வறட்சி, அப்புறம் கிழக்கே' என்று ஒரு கதையே கட்டிவிடலாம்.

ஐசோடோப் என்ன சொல்கிறது

ஆக்சிஜன்-16 லேசானது, 18 கனமானது, சுமார் 500-க்கு ஒன்றுதான் கனம். இந்த விகிதத்தில் வருகிற மாற்றத்தை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள். பாடப்புத்தக விளக்கம் இது: மேகத்திலிருந்து கனமானது முதலில் விழுந்துவிடும், பெய்ய பெய்ய மிச்சம் லேசாகிக்கொண்டே போகும், ஆகவே கல்லில் லேசான ஆக்சிஜன் என்றால் நிறைய மழை. வெப்பநிலையும் விகிதத்தை மாற்றும்தான், ஒரு டிகிரிக்கு ஆயிரத்துக்கு 0.2 அளவு, ஆனால் கடந்த சில ஆயிரம் வருஷத்தில் நம் பக்கத்து வெப்பம் பெரிதாக ஆடவில்லை என்பதால் பருவமழைக் குகைகளில் அதை ஓரமாக வைக்கலாம்.

நடு இந்தியாவின் தண்டக் குகையில் இந்த விளக்கம் ஓரளவு நிற்கிறது. அங்கே எடுத்த கல்லை வைத்துக் கி.பி. 600 முதல் 1500 வரை பருவமழையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். மாவ்ம்லுவில்? அங்கேதான் பள்ளம். உலகிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்றான சோராவில், மழைநீரை வருஷக்கணக்கில் சேகரித்து அளந்து பார்த்தபோது, அன்று எவ்வளவு பெய்தது என்பதற்கும் ஐசோடோப்புக்கும் உறவு பலவீனமாக இருந்தது. மழைநீரின் ஆக்சிஜன் மிக லேசாக இருப்பது பருவத்தின் பின்பாதியில். நீராவி எங்கிருந்து, எவ்வளவு தூரம் பயணித்து வந்தது, வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுகிற நன்னீர் எவ்வளவு கலந்தது என்பதுதான் அங்கே கல்லில் பதிவாகிறது. அதாவது சிரபுஞ்சிக் கல் சிரபுஞ்சியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று சொல்லவில்லை, பருவக்காற்று மொத்தமாக எப்படி நடந்துகொண்டது என்று சொல்கிறது. துளியை ஒரு வருஷம் அளக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஆக்சிஜனை மட்டும் நம்பாமல் பக்கத்தில் மெக்னீசியத்தையும் அளந்து பாருங்கள். வறட்சியில் நீர் பாறைக்குள் மெதுவாக வரும், வழியிலேயே கொஞ்சம் கால்சைட்டை உதிர்த்துவிடும், மிச்ச நீரில் கால்சியத்துக்கு எதிரே மெக்னீசியம் கூடியிருக்கும். ஆக்சிஜனும் மெக்னீசியமும் சேர்ந்து வறட்சி என்றால் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். கல் கால்சைட்டா, அதே சரக்கின் வேறு படிக வடிவமான அரகோனைட்டா என்று எக்ஸ்ரே சோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறியிருந்தால் அதுவே ஆயிரத்துக்கு 0.8 அளவுக்குத் தாவும், மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஹெண்டி சோதனை என்று ஒன்றைச் செய்யச் சொல்வார்கள்: ஒரே அடுக்கில் நடுவிலிருந்து ஓரம்வரை ஐந்தாறு இடத்தில் அளந்து, ஆக்சிஜன் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. செய்யுங்கள், ஆனால் ஒரே அடுக்கை ஓரம்வரை பிடித்துப்போவதே கஷ்டம், தேறினாலும் கல் நல்லது என்று அர்த்தமில்லை. அதைவிட உறுதியான சோதனை, அதே குகையில் இன்னொரு கல். இரண்டும் தனித்தனிச் சொட்டில் வளர்ந்து ஒரே கதையைச் சொன்னால் அது வானத்தின் கதை.

மாவ்ம்லுவிலேயே இது நடந்தது. முதல் கல்லில் சுமார் 4,000 வருஷங்களுக்கு முன்னால் பருவமழை திடீரென்று பலவீனமானதாகத் தெரிந்தது, மேகாலயன் எல்லையே அதில் ஊன்றியதுதான். பிறகு அதே குகையில் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு புள்ளி என்கிற அளவுக்கு நெருக்கமாக அளந்த கற்கள் வேறு மாதிரி காட்டின: ஒரே நீண்ட வறட்சியாக இல்லாமல், திரும்பத் திரும்ப வந்த வறட்சிகள். உத்தராகண்டின் தரம்ஜாலி குகையிலிருந்து 2023-இல் வந்த பதிவிலும் 4,200 வருஷம் முன்புக்கும் 3,970 வருஷம் முன்புக்கும் இடையில் விட்டு விட்டு, 25 முதல் 90 வருஷம் வரை நீடித்த வறட்சிகள்தான் தெரிகின்றன. சிந்துவெளி நகரங்கள் கலைந்ததற்கு ஒற்றைக் காரணம் தேடுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

இன்னொன்று, இதையெல்லாம் தமிழ்நாட்டுக்கு அப்படியே இழுத்துவராதீர்கள். மாவ்ம்லுவும் தண்டக்கும் தென்மேற்குப் பருவமழையின் சாட்சிகள். நம் கடலோர மாவட்டங்களுக்கு முக்கிய மழை அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து. 'மேகாலயக் கல் சொல்கிறது, ஆகவே காவிரிப்பூம்பட்டினத்தில்…' என்று ஆரம்பிக்கிற வீடியோக்களை மூடிவிடலாம்.

லேப்டாப் மட்டும் இருந்தால்

சைசல் என்கிற திறந்த தரவுத்தளத்தில் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கல்முளைகளின் வயதும் ஐசோடோப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் நோவா தொல்காலநிலைக் காப்பகத்திலும் தனித்தனிக் கோப்புகளாக எடுக்கலாம். மாவ்ம்லுவின் இரண்டு கற்களை இறக்கி, ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே வயதுப் புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். மென்பொருள் வேண்டாம், முதல் தடவை கையால்தான் செய்ய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வயதின் பிழையையும் குறுக்குக் கோடாகப் போடுங்கள். இரண்டு வளைகோட்டிலும் நீங்கள் 'ஒரே நிகழ்வு' என்று பார்த்த பள்ளங்களில் எத்தனை அந்தக் கோடுகளுக்குள் அடங்குகின்றன என்று எண்ணிவிட்டு, அதற்கப்புறம் ஒரு ஆய்வுக் கட்டுரையின் முடிவுரையைப் படியுங்கள்.

கல் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை பாக்கி. பிளந்ததில் ஒரு பாதியைத் தொடாமல் வைத்திருப்பீர்கள் இல்லையா, அதைப் பெட்டியில் போட்டு, உள்ளே ஒரு சீட்டும் பெட்டிமேல் ஒரு சீட்டும்: குகையின் பெயர், அறை, எந்தச் சொட்டு, எடுத்த தேதி, யாருடைய ஒப்புதல், எது மேல்பக்கம். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் மை ஈரத்தில் பத்து வருஷம் நிற்காது.